ரேம் விலை ஏறிய நேரத்தில் கேமிங் கம்ப்யூட்டர்: எங்கே குறைக்கலாம், எங்கே கூடாது

போன வருஷம் நண்பர் எழுதிக் கொடுத்த பட்டியலோடு கோவை காந்திபுரத்திலோ ஈரோட்டிலோ கம்ப்யூட்டர் கடைக்குப் போகிறவர்கள் விலையைக் கேட்டுத் திகைத்துத் திரும்புகிறார்கள். பிராசசர் விலை பெரிதாக மாறவில்லை. கேபினெட் விலையும் அப்படித்தான். ரேம் மட்டும் இரண்டு மடங்கையும் தாண்டி நிற்கிறது. கோப்புகளையும் விளையாட்டுகளையும் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி அதன் பின்னாலேயே ஏறுகிறது. கடைக்காரர் கூட்டிச் சொல்கிறாரா, கொஞ்ச நாள் பொறுத்தால் இறங்குமா, கையில் இருக்கும் பணத்துக்குள் முடிக்கப் பட்டியலில் எதை வெட்டுவது? இந்த மூன்று கேள்விகளையும் அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சேர்த்துக்கொள்ள முடிகிற பாகத்தில் இன்று குறைக்கலாம். மாற்றினால் மொத்தத்தையும் கழற்ற வேண்டிய பாகத்திலும், கெட்டால் மற்றவற்றையும் சேர்த்துக் கெடுக்கும் பாகத்திலும் குறைக்கவே கூடாது.

ரேம் விலை ஏன் ஏறியது?

ரேம் என்பது கம்ப்யூட்டர் அந்த நேரத்தில் செய்துகொண்டிருக்கும் வேலைக்கான தற்காலிக மேடை. அதில் இருக்கும் டிராம் சில்லுகளை உலகில் பெரும்பாலும் மூன்றே கம்பெனிகள் செய்கின்றன: தென்கொரியாவின் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். சில்லுகள் வேஃபர் எனப்படும் வட்டமான சிலிக்கான் தகடுகளில் அச்சாகின்றன. ஒரு தொழிற்சாலை மாதத்துக்கு இத்தனை தகடுதான் ஓட்ட முடியும் என்பது ஏறக்குறைய நிலையான கணக்கு. புதுத் தொழிற்சாலை கட்டி ஓட்டச் சில ஆண்டுகள் பிடிக்கும்.

செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்களுக்கு எச்பிஎம் என்ற வேறு வகை மெமரி வேண்டும். சில்லுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்வது அது. ஒரே அளவு கொள்ளளவுக்கு, இன்றைய கம்ப்யூட்டர்களில் போடும் சாதாரண டிடிஆர்5 ரேமைவிட எச்பிஎம் சுமார் மூன்று மடங்கு தகடுகளைத் தின்கிறது என்று மைக்ரானே முதலீட்டாளர்களிடம் சொல்லியிருக்கிறது. லாபமும் அதில்தான் அதிகம். ஆகவே தகடுகள் அந்தப் பக்கம் போகின்றன.

திருப்பூர்க்காரர்களுக்கு இது பழகிய கதை. நூற்பாலையில் இருக்கும் கதிர்கள் இத்தனை என்று கணக்கு. நல்ல விலை கிடைக்கும் ஏற்றுமதி ஆர்டருக்கு அவற்றைத் திருப்பிவிட்டால், உள்ளூர்ப் பனியன் கம்பெனிக்கு வரவேண்டிய நூல் குறையும். பஞ்சு விலை அசையாமல் இருந்தாலும் நூல் விலை ஏறும். ரேமுக்கு நடந்தது இதுவேதான். மண்ணும் சிலிக்கானும் தீர்ந்துபோகவில்லை. மில் வேறு கவுண்ட், அதாவது வேறு ரக நூல், ஓட்டுகிறது.

2025 டிசம்பர் தொடக்கத்தில் மைக்ரான், பொதுமக்களுக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த தன் க்ரூஷியல் பிராண்டை நிறுத்துவதாக அறிவித்தது. மலிவு விலை கம்ப்யூட்டர் கட்டுபவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவந்த பெயர் அது. முந்தைய தலைமுறை ரேமான டிடிஆர்4 உற்பத்தியையும் கம்பெனிகள் குறைத்துக்கொண்டிருப்பதால் 'பழசு மலிவாகக் கிடைக்கும்' என்ற கணக்கும் அடிபட்டது. போதாததற்கு அதே டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியது. இங்கே விற்கும் பாகங்களில் பெரும்பாலானவை இறக்குமதி. அவற்றின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு.

கடைக்காரர் ஏமாற்றவில்லை என்பது இதிலிருந்து தெரியும். பொறுத்தால் இறங்குமா என்பதற்கும் பாதி விடை இதில் இருக்கிறது. காரணம் தொழிற்சாலைக் கொள்ளளவில் இருப்பதால், தீபாவளித் தள்ளுபடிக்கோ ஆடித் தள்ளுபடிக்கோ காத்திருந்து பெரிய இறக்கம் பார்க்க முடியாது. கவனிக்க வேண்டிய இன்னொன்று: கிராபிக்ஸ் கார்டின் மேல் இருக்கும் மெமரியையும் இதே மூன்று கம்பெனிகள்தான் செய்கின்றன. அதிக மெமரி உள்ள கார்டுக்கு விலை அழுத்தமும் அதிகம்.

திரையிலிருந்து பின்னோக்கி

பெரும்பாலானவர்கள் பிராசசரிலிருந்து தொடங்குகிறார்கள். "அண்ணா, ஐ7 போட்டா எவ்வளவுங்க ஆகும்?" என்பதுதான் கடையில் முதல் கேள்வி. கேமிங்குக்கு இது தலைகீழ். மானிட்டரிலிருந்து தொடங்க வேண்டும்.

மானிட்டர் என்பது புள்ளிகளின் எண்ணிக்கை. முழு எச்டி திரையில் 1920 பெருக்கல் 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி என்று சொல்லும் திரையில் 36.9 லட்சம். 4கே திரையில் 82.9 லட்சம். கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொரு படத்துக்கும் இத்தனை புள்ளிகளுக்கும் நிறம் கணக்கிட வேண்டும். ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை படம் திரையால் காட்ட முடியும் என்பது. 60 ஹெர்ட்ஸ் திரைக்கு ஒரு படம் வரைய 16.7 மில்லிநொடி அவகாசம். 144 ஹெர்ட்ஸ் என்றால் 6.9 மில்லிநொடிதான்.

இதிலிருந்து வேலைப் பிரிவினை புரியும். விளையாட்டின் விதிகள், எதிராளிகளின் நடமாட்டம், மோதல்கள் எல்லாம் பிராசசரின் பொறுப்பு. புள்ளிகளுக்கு நிறம் கொடுப்பது கிராபிக்ஸ் கார்டின் பொறுப்பு. திரையில் புள்ளி கூடினால் கார்டின் சுமை கூடும். ஹெர்ட்ஸ் கூடினால் பிராசசரின் சுமையும் சேர்ந்து கூடும்.

பனியன் கம்பெனியில் நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் என்று வேலை சங்கிலியாகப் போகும். தையலில் ஐம்பது மெஷின் போட்டாலும் செக்கிங்கில் இரண்டே பேர் இருந்தால், நாள் முடிவில் பெட்டியில் ஏறுவது அந்த இரண்டு பேர் பார்த்த துணி மட்டுமே. விலை கூடிய ஐ7 பிராசசரோடு 4 ஜிபி மெமரி மட்டுமே உள்ள கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் அந்தக் கம்பெனி மாதிரி. பணம் தையல் மெஷினில் முடங்கிக் கிடக்கும்.

பட்ஜெட் கம்ப்யூட்டருக்கு என் பரிந்துரை முழு எச்டி, 100 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை) திரை. வாலரண்ட், கவுன்டர்-ஸ்டிரைக் போன்ற போட்டி விளையாட்டுகள் கார்டை அதிகம் கேட்பதில்லை, பிராசசரைக் கேட்கும். சைபர்பங்க் 2077 போன்ற பெரிய கதை விளையாட்டுகள் கார்டை முழுதாகக் கேட்கும். வாங்குமுன் எந்த வகை அதிகம் ஆடப்போகிறோம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

கிராபிக்ஸ் கார்டு: 8 ஜிபி போதுமா?

பட்ஜெட்டில் பெரும்பங்கு இங்கேதான் போக வேண்டும். திரையைச் சேர்க்காமல் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரை என்பது என் கணக்கு.

கார்டின் மேல் இருக்கும் மெமரிக்கு விராம் என்று பெயர். விளையாட்டின் சுவர், தோல், மரம், தரை எல்லாவற்றின் படங்களும் அங்கே உட்கார வேண்டும். இடம் போதாவிட்டால் மிச்சம் கம்ப்யூட்டரின் சாதாரண ரேமுக்குப் போகும். அங்கிருந்து, எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற பாதை வழியாகத் திரும்ப வர வேண்டும். வேக வித்தியாசத்தைப் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டின் சொந்த மெமரி நொடிக்கு 272 ஜிபி கொடுக்கும். அந்தக் கார்டு பயன்படுத்துவது எட்டு லேன் (தடம்) உள்ள பாதை. இந்தப் பாதையின் நான்காம் தலைமுறை உள்ள போர்டில் அதன் வேகம் நொடிக்குச் சுமார் 16 ஜிபி. மூன்றாம் தலைமுறைப் போர்டில் சுமார் 8 ஜிபிதான். பதினேழில் ஒரு பங்கு, அல்லது முப்பத்து நான்கில் ஒரு பங்கு. விளையாட்டு சராசரியாக 70 படம் காட்டினாலும் நடுநடுவே திக்கித் திக்கி நிற்பதன் காரணம் பெரும்பாலும் இது. சராசரி எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இந்தத் திக்கல் வீட்டுக்கு வந்தபிறகுதான் தெரியவரும்.

அதனால் 8 ஜிபி கார்டு வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். முழு எச்டி திரையில் டெக்ஸ்சர் (சுவர், தரை போன்றவற்றின் படத் தரம்) அமைப்பை ஒரு படி இறக்கி ஆடச் சம்மதம் என்றால் ஆர்டிஎக்ஸ் 5060, ஆர்எக்ஸ் 7600 போன்ற 8 ஜிபி கார்டுகள் இன்றும் வேலை செய்யும். ஐந்து வருஷம் ஓட்டவேண்டும் என்றால் 12 அல்லது 16 ஜிபி பக்கம் பாருங்கள். அங்கே மூன்று பெயர்கள் கவனத்துக்குரியவை:

1. ஏஎம்டி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 16 ஜிபி. 2025 ஜூனில் வந்தது. இதே பெயரில் 8 ஜிபி வகையும் உண்டு. பெட்டியில் ஜிபி எண்ணைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

2. என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 16 ஜிபி. இதிலும் 8 ஜிபி வகை உண்டு. எச்சரிக்கையும் அதேதான்.

3. இன்டெல் ஆர்க் பி580, 12 ஜிபி. விலைக்கு நல்ல மெமரி. ஆனால் கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே சமயத்தில் எட்ட உதவும் ரீசைஸபிள் பார் என்ற வசதி இல்லாத பழைய போர்டில் தடுமாறும். பழைய கம்ப்யூட்டருக்குள் போட வாங்குகிறவர்கள் இதைத் தவிர்க்கலாம்.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் என்பவை சிறிய படத்தை வரைந்து பெரிதாக்கித் தரும் நுட்பங்கள். பட்ஜெட் கார்டுக்கு உண்மையான உதவி. ஃபிரேம் ஜெனரேஷன் வேறு. இரண்டு உண்மைப் படங்களுக்கு நடுவே கணித்து ஒரு படத்தைச் செருகுவது அது. திரை வழுவழுப்பாகத் தெரியும்; மவுஸை அசைத்ததும் கிடைக்கும் பதில் வேகமாகாது. 30 படத்தை 60 என்று காட்டினாலும் கைக்கு 30 போலத்தான் இருக்கும். விளம்பரத்தில் இரண்டு, மூன்று மடங்கு என்று வரும் எண்களை இதை வைத்துக் கழித்துப் பாருங்கள்.

பிராசசரும் மதர்போர்டும்: எழுத்தில் இருக்கும் பொறிகள்

ஆறு கோர் பிராசசர் போதும். ஏஎம்டி ரைசன் 5 5600, இன்டெல் ஐ5 12400எஃப், கொஞ்சம் மேலே ரைசன் 5 7600 ஆகியவை இந்தப் பணிக்கு நிறைவாக இருக்கின்றன. உண்மையில் தேர்ந்தெடுக்க வேண்டியது, பிராசசர் மதர்போர்டில் உட்காரும் இடமான சாக்கெட்டைத்தான். 5600 உட்காரும் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் டிடிஆர்4 ரேம் எடுக்கும். அதன் காலம் முடியும் தறுவாயில் இருக்கிறது. 7600 உட்காரும் ஏஎம்5 டிடிஆர்5 மட்டுமே எடுக்கும். 2022 செப்டம்பரில் வந்தது, குறைந்தது 2027 வரை ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. அதாவது பின்னால் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. இன்டெல்லின் எல்ஜிஏ 1700 போர்டுகளில் சில டிடிஆர்4 எடுக்கும், சில டிடிஆர்5 எடுக்கும். இரண்டு வகை ரேமுக்கும் அடிப்பக்க வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றதில் பொருந்தாது.

சாதாரண நாளில் புதிதாகக் கட்டுகிறவருக்கு ஏஎம்5 என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். இன்றைய ரேம் விலையில் ஒரு விதிவிலக்கு பிறந்திருக்கிறது. வீட்டில், அண்ணனின் பழைய கம்ப்யூட்டரில், மூடிப்போன ஆபீஸில் எங்காவது 16 ஜிபி டிடிஆர்4 கிடந்தால் அது இப்போது சொத்து. அதை வைத்து ஏஎம்4 போர்டும் 5600-ம் வாங்கி, ரேமுக்குப் போகவிருந்த பணத்தைக் கார்டில் போடுவது புத்திசாலித்தனம்.

பெயர்களில் கவனிக்க வேண்டியவை:

1. ரைசன் 5 5500-க்கும் 5600-க்கும் பெயரில் நூறுதான் வித்தியாசம். ஆனால் 5500-ல் பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரியான எல்3 கேஷ் 16 எம்பி, 5600-ல் 32 எம்பி. 5500 மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை மட்டுமே தரும். மேலே சொன்ன எட்டு லேன் கார்டோடு அது சேர்ந்தால் 8 ஜிபி பிரச்சினை இரட்டிக்கும். 5600ஜி-யும் இப்படித்தான்.

2. ஏஎம்4-க்கான ஏ520, பி450 போர்டுகள் மூன்றாம் தலைமுறைப் பாதை. பி550 நான்காம் தலைமுறை.

3. இன்டெல் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. கார்டு போடாமல் திரையில் ஒன்றும் வராது. ரைசன் 5 5600-க்கும் கிராபிக்ஸ் இல்லை. 7600-க்குச் சிறிய கிராபிக்ஸ் உண்டு. கார்டு பழுதாகிச் சர்வீஸுக்குப் போன மூன்று வாரமும் கல்லூரி வேலையைச் செய்ய அது கைகொடுக்கும்.

4. பழைய இருப்பில் இருந்த போர்டு புதுப் பிராசசரை அறியாமல் இருக்கலாம். போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்து தரச் சொல்லி வாங்குங்கள்.

ரேம், எஸ்எஸ்டி

குறைந்தது 16 ஜிபி. முன்பெல்லாம் 32 ஜிபி போடுங்கள் என்று தயங்காமல் சொல்லலாம்; இன்று அந்தப் பணம் கார்டுக்குப் போவதே மேல்.

எட்டு ஜிபி இரண்டா, பதினாறு ஜிபி ஒன்றா என்பதில் விவரம் இருக்கிறது. இரண்டு குச்சி (ரேம் பலகை) போட்டால் இரட்டைச் சேனல், அதாவது பிராசசருக்கு இரண்டு பாதை, கிடைக்கும். டிடிஆர்4 3200 ரேமில் ஒரு குச்சி நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டு சேர்ந்தால் 51.2 ஜிபி. தனிக் கார்டு இல்லாமல் பிராசசரின் உள் கிராபிக்ஸில் ஆடுகிறவருக்கு இரண்டு குச்சி கட்டாயம், ஏனென்றால் ரேம்தான் அங்கே விராம். தனிக் கார்டு உள்ளவருக்கு ஒற்றைக் குச்சியால் இழப்பு உண்டு, ஆனால் தாங்கலாம். ஏஎம்5 கட்டி, விலை இறங்கியதும் 32 ஆக்கும் திட்டம் இருந்தால் இன்று 16 ஜிபி குச்சி ஒன்று போட்டு ஒரு ஸ்லாட்டைக் காலியாக விடலாம். பிறகு வாங்கும்போது அதே மாடலைத் தேடுங்கள். வேறு கம்பெனி குச்சியோடு கலந்தால் வேகம் இறங்கவும் சில சமயம் நிலையில்லாமல் போகவும் வாய்ப்புண்டு. போட்டபின் பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை இயக்க மறக்காதீர்கள். அதைச் செய்யாமல் விட்டால் 6000 என்று காசு கொடுத்த ரேம் 4800-லேயே ஓடிக்கொண்டிருக்கும்.

எஸ்எஸ்டியில் நீண்ட யோசனை வேண்டாம். நொடிக்கு 3500 எம்பி தரும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டியும் 7000 எம்பி தருவதும் விளையாட்டில் சில நொடி லோடிங் வித்தியாசம்தான் காட்டும். வேகத்துக்குக் கொடுக்கும் பணத்தைக் கொள்ளளவுக்குக் கொடுங்கள். ஒரு பெரிய விளையாட்டே 100 ஜிபியைத் தாண்டும் காலம் இது.

எஸ்எம்பிஎஸ்: குறைக்கவே கூடாத இடம்

எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் பிரித்துக் கொடுப்பது எஸ்எம்பிஎஸ். இதில் மிச்சம் பிடித்து, மதர்போர்டையும் கார்டையும் சேர்த்து இழந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கேபினெட்டோடு சும்மா வரும் 'லோக்கல் எஸ்எம்பிஎஸ்' பெட்டியில் 450 என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். பக்கவாட்டு லேபிளைப் படியுங்கள். பிராசசரும் கார்டும் எடுப்பது 12 வோல்ட் வரிசையிலிருந்து. அங்கே 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 12 பெருக்கல் 18, வெறும் 216 வாட். மிச்ச எண் எல்லாம் உங்களுக்குப் பயன்படாத வரிசைகளில் கூட்டிக் காட்டியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ரைசன் 5 5600 முழு வேலையில் சுமார் 80 வாட். ஆர்டிஎக்ஸ் 5060 கார்டு 145 வாட். ஃபேன், போர்டு, எஸ்எஸ்டிக்கு 50 வாட். மொத்தம் 275 வாட். கார்டுகள் கண நேரத்துக்கு இதைவிட மிக அதிகமாக இழுத்து விடும் பழக்கம் உள்ளவை. நல்ல கம்பெனியின் 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் சான்று, ஐந்து வருஷ வாரன்டி என்பது சரியான அளவு. 80 பிளஸ் என்பது எவ்வளவு கரண்ட் வீணாகாமல் போகிறது என்பதற்கான சான்று; பாதுகாப்புக்கான சான்று அல்ல. அதனால்தான் வாரன்டி வருஷத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.

இனி நம் ஊருக்கே உரிய விஷயங்கள். சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் தறிகளும், தோட்டத்துச் சாளைகளில் கிணற்று மோட்டாரும் ஓடுகின்றன. மோட்டார் கிளம்பும் கணத்தில் அதன் சாதாரண ஓட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். லைனில் வோல்டேஜ் ஒரு கணம் தாழும். விளக்கு மங்கி எரிவதில் இதைப் பார்த்திருப்பீர்கள். நல்ல எஸ்எம்பிஎஸ் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்குவதால் இந்தத் தாழ்வை உணராது. அதற்கென்று தனி ஸ்டெபிலைசர் தேவையில்லை.

கரண்ட் நின்றால் கதை வேறு. எஸ்எம்பிஎஸ் தன்னிடம் தேங்கிய மின்சாரத்தில் ஏறக்குறைய 16 மில்லிநொடிதான் தாங்கும். கம்ப்யூட்டருக்கான யுபிஎஸ் அதற்குள் மாறிவிடும். வீட்டு இன்வெர்ட்டர் சாதாரண முறையில் இருந்தால் அதற்குமேல் எடுக்கக்கூடும். ஃபேன் நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்க, கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆவதன் காரணம் இது. பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் முறை என்று ஒரு சுவிட்ச் உண்டு. அதைப் போட்டுப் பாருங்கள். தனி யுபிஎஸ் வாங்கினால் விஏ எண்ணை நம்பாமல் வாட் எண்ணைக் கேளுங்கள். 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான். ஆடிக்கொண்டிருக்கும்போது மானிட்டரும் சேர்ந்தால் அது விளிம்பில் நிற்கும். 1000 விஏ, 600 வாட் பக்கம் போவது நிம்மதி.

எர்த்திங்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் விரலில் சுரீர் என்று ஏறுகிறதா? கம்ப்யூட்டரில் பழுது என்று நினைப்பார்கள். எஸ்எம்பிஎஸ் உள்ளே இரைச்சலை வடிகட்டும் கெபாசிட்டர்கள் எர்த் கம்பிக்குச் சிறு கசிவை அனுப்புவது இயல்பு. எர்த் இல்லாத வீட்டில் அந்தக் கசிவு போக இடமின்றிக் கேபினெட்டிலேயே நிற்கும். பழைய வீடுகளில் மூன்று முனை பிளக் இருந்தும் மேல் துளைக்குக் கம்பியே இழுத்திருக்க மாட்டார்கள். கம்ப்யூட்டர் வாங்குமுன் ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து இதைச் சரிபார்ப்பது உயிர்க் காப்பு.

மின்கட்டணத்தையும் கணக்கில் எடுங்கள். மானிட்டரோடு 300 வாட், தினம் மூன்று மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு 0.9 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 54 யூனிட். தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணத்தில் அந்த பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழடுக்கு யூனிட்டுகளின் விலையே மாறிவிடும். ஏற்கெனவே 460, 470 வரும் வீட்டில் இந்த 54 யூனிட்டின் செலவு நினைத்ததைவிடக் கூடுதலாக இருக்கும்.

வெயிலும் பஞ்சும்

காற்றால் குளிர்விக்கும் எந்தக் கம்ப்யூட்டரும் அறையின் வெப்பத்துக்குக் கீழே இறங்காது. 25 டிகிரி அறையில் 70 டிகிரியில் ஓடும் கார்டு, கரூரிலோ ஈரோட்டிலோ சித்திரை மதியம் 40 டிகிரி அறையில் 85 பக்கம் போகும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் கோவை, பொள்ளாச்சி வீடுகளுக்கு ஆனி ஆடியில் இந்தத் தொல்லை குறைவு. குளிர் நாட்டில் எடுத்த சோதனை வீடியோவின் வெப்ப எண்ணோடு பத்துப் பதினைந்து டிகிரி கூட்டிப் படியுங்கள்.

கேபினெட்டின் முன்பக்கம் முழுக் கண்ணாடி வேண்டாம், வலை வேண்டும். முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. உள்ளே இழுக்கும் பக்கமெல்லாம் கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டி இருக்க வேண்டும். சாதாரண மண் தூசியைவிடப் பஞ்சுத் தூசி மோசமானது. மண் தூசி படியும். பஞ்சு, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே கம்பளி போலப் பின்னிக்கொண்டு காற்றையே அடைக்கும். தறிக்குடோன் பக்கம் வீடு என்றால் வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவுங்கள். புளோயர் பிடிக்கும்போது ஃபேன் இறக்கையைச் சுழலவிடாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பணம் போதாதபோது எதைத் தள்ளிப்போடுவது?

கையில் 60 அல்லது 70 ஆயிரம் இருந்து பட்டியல் அதைத் தாண்டினால், இந்த வரிசையில் வெட்டுங்கள்:

1. ஆர்ஜிபி விளக்கு, கண்ணாடிக் கேபினெட், வாட்டர் கூலிங். இவை போனாலும் ஒரு படம்கூடக் குறையாது.

2. எஸ்எஸ்டி 1 டிபியிலிருந்து 500 ஜிபி. போர்டில் இரண்டாவது ஸ்லாட் இருந்தால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

3. ரேம் 32-லிருந்து 16.

4. மானிட்டர். வீட்டில் பழைய திரை இருந்தால் ஆறு மாதம் ஓட்டலாம்.

5. கார்டையே தள்ளிப்போடுவது. உள் கிராபிக்ஸ் நன்றாக உள்ள ரைசன் 5 8600ஜி மாதிரிப் பிராசசரும் இரண்டு குச்சி ரேமும் போட்டுத் தொடங்கினால் இலகுவான விளையாட்டுகள் ஓடும். கார்டு அடுத்த வருஷம். ஆனால் ரேம் விலை இப்படி இருக்கையில் இந்த வழி முன்போல லாபம் இல்லை. மற்ற நான்கையும் செய்தும் முடியாவிட்டால் மட்டும்.

எஸ்எம்பிஎஸ் இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பழைய பாகம் வாங்கலாமா?

பிராசசர், ரேம் தாராளமாக வாங்கலாம்; அவை அரிதாகவே தேயும். எஸ்எம்பிஎஸ் பழையது வேண்டாம். கார்டு வாங்கினால் தலைமுறை பாருங்கள். 2025 அக்டோபரோடு ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக் கார்டுகளுக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் வெளியிடுவதை என்விடியா நிறுத்திவிட்டது. ரே டிரேசிங் (ஒளி போகும் வழியைக் கணக்கிட்டு வரைவது) வன்பொருள் இல்லாமல் திறக்கவே மறுக்கும் விளையாட்டுகளும் வர ஆரம்பித்துவிட்டன. ஜிடிஎக்ஸ் பெயரில் எதுவும் வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, ஆர்எக்ஸ் 6600 இரண்டும் இன்னும் மதிப்புள்ளவை. கம்பெனிகள் கழித்துவிட்ட பிராண்டட் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் கார்டு போடுவதும் ஒரு வழி. ஆனால் அவற்றில் எஸ்எம்பிஎஸ் சிறியது, இணைப்பும் பெரும்பாலும் தனி வகை. கூடுதல் பவர் கம்பி கேட்காத 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி அங்கே பொருந்தும்.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதி வேண்டும். விண்டோஸ் 11-ல் வாலரண்ட் ஆட அதோடு, கம்ப்யூட்டர் கிளம்பும்போதே மென்பொருளைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் வசதியும் இயங்க வேண்டும். பழைய போர்டு வாங்குகிறவர்கள் பயாஸில் இந்த இரண்டும் இருப்பதைக் கடையிலேயே திறந்து பார்த்துவிட வேண்டும்.

வாங்கும் நாளில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் ஜிஎஸ்டி பில்லில் ஏறியிருக்க வேண்டும். பில் இல்லாமல் சில நூறு குறைத்துத் தருகிறேன் என்றால் வாரன்டியை விற்கிறோம் என்று பொருள். கட்டி முடித்து வீட்டுக்குக் கொண்டுவந்ததும், கேபினெட்டை மூடி, மதியம் இரண்டு மணி வெயிலில், அறை ஃபேனை நிறுத்திவிட்டு, இருப்பதிலேயே கனமான விளையாட்டை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். அணையாமல், திக்காமல், கார்டு 85 டிகிரிக்குள் நின்றால் சரி. இந்தச் சோதனையைக் கடைக்காரர் மாற்றித் தரும் கெடுவுக்குள் முடித்துவிடுங்கள்.